வேங்கைக் கன்று

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார், அவருக்கு ஒரு போரும் இருந்தது. அவருடைய தாத்தா தொடங்கிவைத்த போர். ஆற்றுக்கு அக்கரை ராஜாவோடு அறுபது வருடமாக நடந்தது. எதற்காக என்று இரண்டு கரையிலும் யாருக்கும் நினைவில்லை. கேட்கவும் பயம், கேட்டவனை அடுத்த படையில் முன்வரிசையில் நிறுத்திவிடுவார்கள்.

ஒருநாள் ராஜாவுக்கு, ஊர் சிரிப்பதைக் கேட்க ஆசை வந்தது. சபையில் விகடம் பேசும் கீரந்தையைக் கூப்பிட்டுச் சிரிக்கவைக்கச் சொன்னார். சிரிப்பதற்கு ஊரில் ஆள் மிச்சமில்லை என்று அவன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அவனைக் கண்டாலே எரிச்சல்படும் தளபதி வேண்மான் இதற்காகத்தான் காத்திருந்தார்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு ராஜாவுக்கும் ஒரு காவல் மரம் உண்டு. எதிரி அதை வெட்டி முரசு செய்துவிட்டால் மானம் போயிற்று.

"வாயாலே போர் செய்கிறவர் எதிரியின் காவல் மரமான வேங்கையைக் கொண்டுவரட்டும், மன்னா" என்றார் தளபதி.

ராஜா சபையறியச் சத்தியம் செய்தார். "அந்த மரம் என் முற்றத்தில் நிற்க வேண்டும். அதில் செய்த முரசு ஒலித்த பிறகே இனி என் படை ஆற்றைக் கடக்கும். முப்பது நாளில் வராவிட்டால், கீரந்தை, உன் தலை உனக்கில்லை."

கீரந்தை வீட்டுக்கு ஓடினான். மனைவி ஒரு வார்த்தை பேசாமல் கட்டுச்சோறு கட்டிக்கொடுத்தாள். அது இன்னும் பயமாக இருந்தது.

அக்கரையில் மரத்தைச் சுற்றி நூறு வேல்கள். கீரந்தை துடைப்பத்தோடு போய், கூழ் ஊற்றினால் மரத்தடியைக் கூட்டுவதாகச் சொன்னான். விதை விழுந்து முளைக்கும் கன்றுகளைப் பிடுங்கி எறிவது காவலர்களுக்குத் தினமும் தொல்லை. சந்தோஷமாக விட்டார்கள். நூறு வேலும் தன்னையே பார்ப்பதாகத் தோன்ற, தலை நிமிராமல் கூட்டினான்.

முப்பதாம் நாள் அரண்மனை முற்றத்தில் ஒரு சாண் கன்று நின்றது. இதுவா மரம் என்று தளபதி கத்தினார்.

"அந்த மரம் பெற்ற பிள்ளை, தளபதியாரே. நிற்க வேண்டும் என்றார் மன்னர், நிற்கிறது. எவ்வளவு உயரம் என்று சொல்லவில்லை. முரசு குடையுமளவு பருக்க நாற்பது வருடம் ஆகும். மன்னரின் சத்தியப்படி அதுவரை படை இக்கரையில்தான்."

ராஜா வாளை உருவிக்கொண்டு இறங்கி வந்தார்.

"நாற்பது வருடமா? அதுவரை நான் உயிரோடு இருப்பேனா?"

"அது எனக்குத் தெரியாது, மன்னா. மற்றவர்கள் இருப்பார்கள்."

ராஜா குனிந்து கன்றின் இலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார். கூடச் சிரிக்கலாமா என்று சபைக்குத் தெரியவில்லை. ஆடு கடிக்காமல் கன்றைக் காக்கும் பொறுப்பைத் தளபதிக்குக் கொடுத்துவிட்டு, தம் முத்துமாலையைக் கழற்றிக் கீரந்தைக்குப் போட்டார்.

அவன் மாலையைப் பார்க்கவேயில்லை. அதற்கடியில் கழுத்து இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.