நனையாத அரிசி

அந்த அரண்மனையில் திருடனைப் பிடிக்க மூளை வேண்டாம், ஒரு பிடி பச்சரிசி போதும். "திருடினவன் வாய் உலரும், ஆகவே, வாய் உலர்ந்தவன் திருடன்" என்பது பண்டிதர் எழுதிய சாஸ்திரம்.

ராஜாவின் மோதிரம் காணவில்லை. தொழுவம் கூட்டும் வெள்ளச்சியை அரிசியை மென்று துப்பச் சொன்னார்கள். அரிசி நனையவில்லை.

"கழுவேற்றுங்கள்!" என்றார் பண்டிதர்.

"அவரும் மெல்லட்டும் மகாராசா. நனையலைன்னா அவருக்கும் கழுதான்" என்றாள் வெள்ளச்சி.

ராஜா வேடிக்கை பார்க்கத் தலையாட்டினார். பண்டிதர் துப்பியதும் காய்ந்த அரிசிதான்.

"இவர் திருடலை, பயந்தாரு. பயந்தாலும் வாய் உலரும் சாமி."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "சாஸ்திரம் தப்பு! நீ வீட்டுக்குப் போகலாம்."

வெள்ளச்சி நகரவில்லை.

"போன மாசம் இதே அரிசியைத் துப்பினாருன்னு என் புருசனைக் கழுவேத்தினீங்களே, அவரும் வீட்டுக்கு வரலாமா சாமி?"