கால் பங்கு

"நான் எந்தத் துறைக்காரன்னு நீங்களே சொல்லிருங்க, மேடம்," என்றார் ஆசீர்வாதம்.

"முதல்ல உட்காருங்க, சார்," என்றார் நிஷா மேடம்.

ஆசீர்வாதம் உட்காரவில்லை.

அவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். வயது ஐம்பத்திரண்டு. சனிக்கிழமைகளில் மட்டும் பல்கலைக்கழகத்துக்கு வந்துபோகும் பகுதிநேர ஆய்வாளர். கல்வியியலில் முனைவர் பட்டம் வாங்க வேண்டும் என்று ஆறு வருடமாக அலைகிறார்.

ரஹ்மத் நிஷா அவருடைய நெறியாளர். வயது முப்பத்தெட்டு. புதிதாக அறைக்குள் வருகிறவர்கள் ஆசீர்வாதத்தின் நரையைப் பார்த்து அவருக்குத்தான் முதலில் வணக்கம் வைப்பார்கள். அவர் பதறிப்போய் மேடத்தின் பக்கம் கையைக் காட்டுவார்.

நெறியாளர் முன்னால் உட்காரக் கூடாது என்பது அவராக வைத்துக்கொண்ட சட்டம். ஆறு வருடத்தில் ஒருநாளும் மீறியதில்லை.

"மூணு துறையும் சேர்ந்த ஆய்வுன்னுதானே பதிஞ்சோம்? இப்போ மூணு பேரும் விரட்டுதாங்க."

"என்ன சொல்றாங்க?"

"பிள்ளைங்க கதையெல்லாம் கணிதம் ஆகாதுன்னு கணிதத்துறையில சொல்லுதாங்க. ஒரே ஒரு பிள்ளைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, முந்நூறு பிள்ளையக் கொண்டாங்கன்னு உளவியல்ல சொல்லுதாங்க. சமூகவியல்ல, பின்னத்துக்கும் எங்களுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்காங்க."

மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி. ஆசீர்வாதத்துக்கு மூன்று.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஆளுக்கு ஒரு பாகம் எழுதிட்டேன். கணிதத்துக்கு ஒண்ணு, உளவியலுக்கு ஒண்ணு, சமூகவியலுக்கு ஒண்ணு. யாரும் குறை சொல்லிறக் கூடாதுன்னு பக்கத்தைக்கூட சமமா வச்சிருக்கேன்."

"அப்புறம் என்ன?"

"வர்ற வியாழக்கிழமை ஆய்வுக்குழு கூடுது. அதான் கடைசி. மூணு பேரும் கையெழுத்துப் போட்டா, ஆய்வேட்டைக் கொடுக்க நாலு மாசம் இருக்கு. போடலைன்னா பதிவு ரத்து. ஆறு வருசம் வெள்ளத்துல போன மாதிரிதான்."

ஆசிரியர் அறையில் ஆறு வருடமாக "என்ன டாக்டரே, எப்போ?" என்று கேட்கிறார்கள். முதல் இரண்டு வருடம் அது வாழ்த்தாக இருந்தது.

நிஷா மேடம், "எதுக்கு சார் இந்த ஆய்வுக்கு வந்தீங்க?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமே."

"மறந்துபோச்சு. சொல்லுங்க."

மேடம் எதையும் மறக்கிறவர் இல்லை. இருந்தாலும் ஆசீர்வாதம் சொன்னார்.

ஏழு வருடம் முன்னால், ஆறாம் வகுப்புப் பரீட்சையில் ஒரு கணக்குக் கொடுத்திருந்தார். 'நீயும் உன் தோழிகள் நால்வரும் இருக்கிறீர்கள். நீ ஒரு கேக்கைச் சமமாக வெட்டுகிறாய். ஒருவருக்கு எவ்வளவு?'

பேச்சித்தாய் என்ற பிள்ளை 'கால்' என்று எழுதியிருந்தது. ஐந்து பேருக்கு ஐந்தில் ஒன்று அல்லவா வரவேண்டும்? சிவப்பு மையால் பெருக்கல்குறி போட்டார். மறுநாள் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "உன்னையும் சேர்த்தா அஞ்சு பேருல்லா?" என்று கேட்டார்.

அது திருதிருவென்று விழித்தது. பிறகு சொன்னது: "வெட்டிக் குடுக்கிறவுகளுக்கு எதுக்கு சார் பங்கு? மிச்சம் இருந்தா திம்பாக."

அந்தப் பெருக்கல்குறி சரியா, தவறா? ஆசீர்வாதத்துக்குத் தெரியவில்லை. இருபது வருடமாகக் கணக்கு நடத்தியவருக்கு, திருத்திய தாள் ஒன்று தூக்கத்தைக் கெடுத்தது அதுதான் முதல் முறை. தெரிந்துகொள்ளலாம் என்றுதான் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்.

"அந்தத் தாள் ஆய்வேட்டுல எந்தப் பக்கத்துல இருக்கு?" என்றார் நிஷா மேடம்.

"முதல்ல, முதல் பக்கத்துல இருந்துச்சு. கணிதத்துறை சார் எடுக்கச் சொன்னாரு. அடிக்குறிப்புல போட்டேன். உளவியல் மேடம் அதையும் எடுக்கச் சொன்னாங்க."

"இப்போ?"

"பைக்குள்ள இருக்கு."

நிஷா மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"வியாழக்கிழமை வரும்போது ஒரு கேக் வாங்கிட்டு வாங்க, சார். வட்டமா, முழுசா. கடையில வெட்டச் சொல்லாதீங்க."

அவ்வளவுதான்.

ஆசீர்வாதத்துக்குக் கோபம் வந்தது. தலை போகிற விஷயத்துக்கு வழி கேட்டு வந்தால், பேக்கரிக்கு வழி சொல்கிறாரே. ஆனாலும் ஆய்வுக்குழு கூடும்போது டீயும் பலகாரமும் ஆய்வாளர் கைக்காசில் வருவதுதான் வழக்கம். போன மூன்று கூட்டங்களுக்கும் அவர்தான் மிக்சரும் முந்திரிக் கொத்தும் வாங்கிவந்தார். இந்த முறை கேக். அதில் என்ன வந்துவிட்டது என்று கோபத்தை விழுங்கிக்கொண்டு போனார்.

புதன்கிழமை சாயங்காலம் நகல் எடுக்கும் கடையில் நின்றார். கணிதப் பாகத்துக்கு நீல அட்டை, உளவியலுக்குப் பச்சை, சமூகவியலுக்கு மஞ்சள்.

"மூணையும் சேர்த்து ஒரு செட்டு போடட்டுமா, சார்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"வேண்டாம். முழுசா யாரு படிக்கப் போறா?" என்றார் ஆசீர்வாதம்.

வியாழக்கிழமை வந்தது.

நீள மேசை. ஒரு பக்கம் மூன்று பேராசிரியர்கள், எதிரே நிஷா மேடம். ஆசீர்வாதம் மேசையின் கடைசியில், கேக் பெட்டியோடு நின்றார்.

அவரவருக்கு அவரவர் புத்தகத்தைக் கொடுத்தார். மூன்று பேரும் புரட்டினார்கள்.

கணிதத்துறைப் பேராசிரியர்தான் முதலில் வாயைத் திறந்தார். "சுத்தமா எழுதியிருக்கீங்க. ஆனா இதுல புதுசா என்ன இருக்கு? இதெல்லாம் எங்களுக்குத் தெரிஞ்சதுதானே?"

"இதுலயும் எங்களுக்குத் தெரிஞ்சதுதான் இருக்கு," என்றார் உளவியல் மேடம்.

சமூகவியல்காரர் மஞ்சள் புத்தகத்தை மூடி, அதன்மேல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஆசீர்வாதத்துக்குப் புரிந்தது. கையெழுத்து கிடைக்காது.

"டீ ஆறுது. கேக்கை வெட்டுங்க, சார்," என்றார் நிஷா மேடம். "சமமா வெட்டுங்க."

இந்த நேரத்திலா? ஆனால் உட்காரச் சொல்வதைத் தவிர, வேறெதிலும் குரு சொல்லை மீறி அவருக்குப் பழக்கமில்லை. பெட்டியைத் திறந்தார். குறுக்கே ஒரு வெட்டு, நெடுக்கே ஒரு வெட்டு. நாலு துண்டு. நாலு காகிதத் தட்டு. நாலு பேர் முன்னாலும் வைத்தார்.

"கணக்கு வாத்தியார் வெட்டுன்னா வெட்டுதான். இம்மி பிசகல," என்றார் கணிதத்துறைப் பேராசிரியர். அன்றைக்கு ஆசீர்வாதத்துக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

"ஒருத்தருக்கு எவ்வளவு, சார்?" என்றார் நிஷா மேடம்.

"கால் பங்கு, மேடம்."

"உங்களுக்கு?"

"எனக்கு எதுக்கு, மேடம்? மிச்சம் இருந்தா…"

அவர் நிறுத்திவிட்டார்.

கத்தி கையிலேயே இருந்தது. மேசையைப் பார்த்தார். நாலு தட்டு. நீலம், பச்சை, மஞ்சள். காலிப் பெட்டி.

நிஷா மேடம் நிதானமாக டீயை உறிஞ்சினார்.

ஆசீர்வாதத்துக்கு வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. கத்தியைக் கீழே வைத்து, கையைக் கைக்குட்டையில் துடைத்து, பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே, மடிப்புகளில் நைந்துபோன பரீட்சைத் தாள். மூன்று புத்தகங்களையும் ஒதுக்கிவிட்டு, அதை மேசை நடுவில் வைத்தார்.

"நான் தெரிஞ்சுக்க வந்தது இது ஒண்ணுதான்," என்றார். "நான் போட்ட இந்தப் பெருக்கல்குறி சரியா, தப்பா? எனக்கு இன்னும் தெரியல."

பேச்சித்தாய் சொன்ன பதிலையும் சொன்னார்.

மூன்று தலைகளும் தாள்மேல் குனிந்தன.

"தப்புதான். அஞ்சு பேரு," என்றார் கணிதத்துறைப் பேராசிரியர். உடனே, "இருங்க, இருங்க. நாலால வகுத்தா கால் வரும். அவ வகுத்தது சரி. அந்த நாலு எங்கிருந்து வந்துச்சு?" என்றார்.

"அது வீட்டுல இருந்து வந்துச்சு," என்றார் சமூகவியல்காரர். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அவ வீட்டுல யாரு பரிமாறுதா?"

"அதை விடுங்க," என்றார் உளவியல் மேடம். "'நீயும்'னு கேள்வியிலேயே இருக்கு. இருந்தும் தன்னை எண்ணாம விட்டிருக்கா. ஒரு பிள்ளை எந்த வயசுல இதைப் பழகுது?"

"அதை எப்படி விட முடியும்?"

"முதல்ல வகுக்கிற எண்ணைப் பேசுங்கய்யா."

மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் பேசி ஆசீர்வாதம் பார்த்ததே இல்லை. இதுவரை மூன்று பேரும் அவரிடம்தான் பேசியிருந்தார்கள். கணிதத்துறைப் பேராசிரியர் பேனாவைத் திறந்து, கேக் பெட்டியின் மூடியில் வட்டம் போட்டு, ஐந்து பேரை வரைந்து, ஒருவரை அடித்தார். கேக்கை யாரும் தொடவில்லை.

நடுவில் அவர் தலையைத் தூக்கினார். "இதை ஏன் சார் இத்தனை வருசமா எங்களுக்குக் காட்டல?"

"காட்டினேன், சார். எடுக்கச் சொன்னீங்க."

பேராசிரியர் இருமினார். பிறகு, "இன்னும் எத்தனை மாசம் இருக்கு?" என்று கேட்டார்.

"நாலு."

"இதை மட்டும் எழுதுங்க. மூணு புத்தகம் வேண்டாம். ஒண்ணு."

கையெழுத்துப் போட வேண்டிய தாளை நிஷா மேடம் முதலிலேயே எடுத்து வைத்திருந்தார். அதை மேசையில் நகர்த்திவிட்டு எழுந்தார். சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துவந்து, தன் பக்கத்தில் போட்டார்.

"உட்காருங்க, சார்."

ஆசீர்வாதம் உட்கார்ந்தார்.