கிடைக்குக் கம்பெனி அனுமதி

ஊர் ஊராகப் போய், இரவில் மந்தையை வயல்களில் அடைத்து ஆட்டுக்கிடை போடுவது பூச்செண்டின் பரம்பரைத் தொழில். புழுக்கை விழுந்த மண் கொழிக்கும். அதைப் பார்த்துப்போன பிஸ்கட் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவர் திரும்பவும் காரில் வந்தார். "மண்ணைக் காக்கிற இந்த முறை இப்போ எங்க கண்டுபிடிப்பு. எங்க அனுமதி இல்லாம எந்த வயல்லயும் ஒரு புழுக்கை விழக்கூடாது!"

பூச்செண்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சரிங்கய்யா" என்றாள்.

மறுநாள் காலை அவர் கம்பெனி அலுவலகத்தில் வெளிநாட்டு விருந்தாளிகளிடம் அந்தக் கண்டுபிடிப்பைப் பீற்றிக்கொண்டிருந்தபோது, திறந்திருந்த கதவு வழியே மந்தையே உள்ளே புகுந்தது. பளிங்குத் தரையெல்லாம் புழுக்கை.

"என்னடி இது?"

"வயல்ல விழக்கூடாதுன்னீங்க. ஆட்டு வயிறு கேக்குமா? அதான் கண்டுபிடிச்சவர்கிட்டயே கொண்டாந்துட்டேன்."

"எந்த வயலுக்கு வேணா ஓட்டிட்டுத் தொலை!" என்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

ஆடுகள் இன்னும் புழுக்கை போட்டுக்கொண்டிருந்தன. பூச்செண்டு கம்பை ஊன்றி அசையாமல் நின்றாள். "பொறுங்கய்யா. உங்க ஆராய்ச்சி இன்னும் முடியல."