மூணு எண்ணும் வரை

"மூணு மாசமா நில்லு நில்லுன்னுதான் சொல்லுதீங்க. ஜெயிக்கிறது எப்படின்னு வாயைத் திறக்க மாட்டேங்கீங்களே, அக்கா," என்றாள் கோமு.

மறுநாள் அவளுக்குப் போட்டி. பன்னிரண்டு ஊர், ஊருக்கு ஒரு பதினாறு வயசுப் பிள்ளை. வற்றிய ஏரிக்குள் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் சுட்டுவிடுவார்கள். கடைசிவரை நிற்கிற பிள்ளையின் ஊருக்கு ஒரு வருஷத் தண்ணீர்.

இதென்ன நியாயம் என்று என்னிடம் கேட்காதீர்கள். பன்னிரண்டு ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆவுடை ஏழு வருஷம் முன்னால் அப்படி நின்று ஜெயித்தவள். கோமுவைப் பழக்க ஊர் அவளைத்தான் வைத்திருந்தது.

ஏரியெல்லாம் காலைப் பனி. கீழே தரை இருக்கிறதா என்றே தெரியவில்லை. இருவரும் அந்த வெள்ளைக்குள் நின்றார்கள்.

"நாலாம் நாள் கண்ணு முழிச்சிருக்கும்போதே கனவு வரும். ஏரி நிறையத் தண்ணி கிடக்கும். குடிக்கக் குனிஞ்சிராதே."

"சாகப் பயமா இருக்குக்கா."

"இருக்கத்தான் செய்யும்."

"உங்க வீட்டுல ஒரு கட்டில் இல்ல, நாற்காலி இல்ல. சோறுகூட நின்னுக்கிட்டே தின்னுதீங்க. நீங்க உக்காந்து நான் பார்த்ததே இல்லையே. ஏன்க்கா?"

ஆவுடை ஏரியின் நடுவைக் கைகாட்டினாள்.

"கடைசியில நானும் கீழூர்ப் பேச்சியும் மட்டும் நின்னோம். ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்தா யாரைச் சுடணும்னு சட்டத்துல இல்ல. கையைக் கோத்துக்கிட்டு மூணு எண்ணினோம்."

"எண்ணி?"

"அவ மட்டும் உக்காந்தா."

'அடப்பாவி' என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள் கோமு.

"சத்தியமா நான் அப்படிச் செய்ய மாட்டேன்க்கா."

ஆவுடை கையை நீட்டினாள்.

"பிடி. நீயே எண்ணு. மூணுல ரெண்டு பேரும் உக்காருவோம்."

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

முழங்கால் நெறுநெறுக்க, ஏழு வருஷம் கழித்து ஆவுடை தரையில் உட்கார்ந்தாள்.

கோமு நின்றுகொண்டிருந்தாள்.

பிடித்த கையை விடாமல் ஆவுடை அண்ணாந்து பார்த்தாள்.

"ஜெயிச்சுட்டியேட்டி."

கோமு தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எந்திரிங்கக்கா," என்றாள். "இன்னொரு தடவை எண்ணுவோம்."