மாவுத் தொட்டியில் கம்பீர நடை

முன்னொரு காலத்தில், ஊராருக்குப் பசித்தால் தன் வயிறு சுருங்குகிற சிற்றம்பலம் என்றொரு விகடன் ஓர் அரசனிடம் இருந்தான். அவன் கெஞ்சிக் கேட்டதால், கோயில் வாசலில் வழிப்போக்கருக்காக அரசன் ஒரு கஞ்சிச் சாலை வைத்தான். காலையில் அங்கே கூவைக்கிழங்கு மாவைக் கரைத்துக் கொடுத்துவிட்டுத்தான் சிற்றம்பலம் சபைக்கு வருவான். அரசன் அவனிடம் காட்டிய பிரியம் அமைச்சர் கம்பீரநாதருக்கு முள்ளாய்க் குத்தியது.

ஒருநாள் அரசன், "தண்ணீர்மேல் நடந்த முனிவரின் கதை கேட்டேன். அப்படி ஒருவர் நடப்பதைப் பார்க்க வேண்டும்" என்றான்.

"நம் விகடர் நடப்பார், பிரபு! முடியாவிட்டால் கஞ்சிச் சாலையை மூடிவிடலாம்" என்றார் அமைச்சர்.

அரசனும் விளையாட்டாகத் தலையசைத்தான். "நாளைப் பகல் நந்தவனத் தொட்டியைக் கடக்க வேண்டும். படகு, பலகை கூடாது. முழங்கால் நனையக் கூடாது."

"உத்தரவு, அரசே. தண்ணீரில் எதையாவது கலக்கலாமா?"

அமைச்சர் சிரித்தார். "எதை வேண்டுமானாலும் கலவும். முழுகத்தான் போகிறீர்!"

மறுநாள் தொட்டி வெள்ளையாய்க் கிடந்தது. சிற்றம்பலம் தண்ணீரைப் பாதி இறைத்துவிட்டு, வண்டு விழுந்து கஞ்சிக்கு ஆகாமல் போன மாவு மூட்டைகளைக் கொட்டிக் கெட்டியாகக் கரைத்திருந்தான். சாமியைக் கும்பிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, தடதடவென்று ஓடினான். மிதித்த இடமெல்லாம் மாவு கல்லாய் இறுகிக் காலைத் தாங்கியது. அக்கரை ஏறியபோது பாதம்தான் ஈரம்.

"வெறும் மாவுக் களி! இதில் நானே நடப்பேன்" என்று அமைச்சர் இறங்கினார்.

"ஐயா, நிற்காமல் ஓடுங்கள்!"

"அமைச்சன் ஓடுவதா?"

அந்நாட்டு வழக்கம் அப்படி. அமைச்சர் பொதுவில் நடந்தால், அடிக்கு ஒருமுறை நின்று, மீசையைத் தடவி, சுற்றிலும் பார்க்க வேண்டும். கம்பீரநாதர் ஓரடி வைத்தார், நின்றார், தடவினார். பார்ப்பதற்குள் இடுப்புவரை இறங்கிவிட்டார்.

வீரர்கள் பாய்ந்து இழுத்தார்கள். இழுக்க இழுக்க மாவு இறுகியது. "ஐயோ, கால் போச்சே!" என்று அலறினார் அமைச்சர்.

சிற்றம்பலம் தானே இறங்கினான். "விடுங்கள் வீரர்களே. வெடுக்கென்று இழுத்தால் இது கல், மெல்ல அசைத்தால் தண்ணீர். தினமும் கரைக்கிற கைக்குத் தெரியும். ஐயா, என் தோளைப் பிடியுங்கள். ஒரு காலை மட்டும், தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல..."

கால் வந்தது. நடுங்கியபடி கரையில் உட்கார்ந்தவருக்குக் கஞ்சிச் சாலையிலிருந்து சூடான கஞ்சி வந்தது. அவர் கலயத்தைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"இன்னும் கொஞ்சம் இருக்குமா, விகடரே?"

"சாலை திறந்திருந்தால் இருக்கும், ஐயா."

அமைச்சர் தலைகுனிந்தார். "திறந்தே இருக்கட்டும், பிரபு."

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். கஞ்சிச் சாலைக்கு நன்செய் நிலம் எழுதிவைத்து, தன் பட்டுச் சால்வையை எடுத்துச் சிற்றம்பலத்துக்குப் போர்த்தினான். விகடன் அதைக் கழற்றி, இன்னும் நடுங்கிக்கொண்டிருந்த அமைச்சரின் தோளில், மெல்லப் போர்த்தினான்.