சிலுவை இட்ட கலயம்

பெரியோர்களே, பிள்ளைகளே, செவி கொடுங்கள். மகுடம் தரித்த மன்னர்களின் கதைகளை எத்தனையோ கேட்டிருப்பீர்கள். இது மன்னன் இல்லாத சீமையின் கதை. செம்மணல் தேரியிலே பனைமரங்களே முடிசூடி அரசாண்ட முற்காலத்தில், மணற்குடி என்று ஒரு சிற்றூர் இருந்தது.

அவ்வூரார் பனையேறிகள். மாலையில் பனையேறிப் பாளையைச் சீவி, அதன் நுனியில் கலயம் கட்டுவார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால், இரவெல்லாம் வடிந்த நீர் விடியும்போது தித்திக்கும் பதநீராக இருக்கும். தடவாவிட்டால், அதே பாளை, அதே கலயம், அதே நீர், கள்ளாகப் புளித்து நுரைத்து நிற்கும். ஒரு விரல் சுண்ணாம்புதான் இரண்டுக்கும் நடுவே நின்ற மதில்.

கள்ளினால் பாழான ஊர் அது. பிற்பாடு ஆண்டவரின் வசனம் அவ்வூருக்கு வந்தது. வயலும் வீடும் இழந்தவர்கள் முழங்காலில் நின்று, இனிச் சுண்ணாம்பு தடவாத கலயம் எங்கள் பனையில் தொங்காது என்று பொருத்தனை செய்தார்கள். உள்ளே சுண்ணாம்பு தடவிய விரலாலேயே வெளியே ஒரு சிலுவைக் குறியும் இட்டார்கள். உள்ளே சுண்ணாம்பு, வெளியே சிலுவை: இதுவே ஊர்க்கட்டளை. சிலுவை இட்ட கலயத்தை எவருடைய பனையடியில் கண்டாலும், தாகமுள்ளவன் கேளாமலே எடுத்துக் குடிக்கலாம்.

அவ்வூரில் இரண்டு சகோதரர் இருந்தனர். மூத்தவன் மாசில்லாமணி. பிறந்தது முதல் கள்ளைத் தொடாதவன். ஜெபக்கூடத்தில் முன்வரிசையில் நிற்பவன். இளையவன் அருமைநாயகம். கள்ளுக்காக மனைவியின் கழுத்துத் தாலியையும் கழற்றியவன். மனந்திரும்பியபின் மூன்று பருவமாக அதன் வாடையும் அறியாதவன்.

இளையவன் மனைவி ஞானப்பழம் ஒருநாள் மூத்தவனிடம் வந்து நின்றாள்.

“அத்தான், உங்க தம்பி தன்னை நம்பல. உங்களைத்தான் நம்புதாரு. நீங்க நேரா நடந்தாத்தான் அவரும் நடப்பாரு.”

“எனக்கா சொல்லுத? என் பேரே மாசில்லாமணி” என்று அவன் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பனை உச்சியில் இருந்து ஒரு மரநாய் கேட்டுக்கொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பனங்கள் குடித்து வளர்ந்த பிராணி அது. ஊர் சுண்ணாம்புக்கு மாறிய நாள் முதல் அதற்கு நாக்கு வறண்டு கிடந்தது.

மறுநாள் மாலை, மாசில்லாமணி உச்சியை அடைந்தபோது, மட்டைகளுக்கு இடையே அது தலையை நீட்டிற்று.

“மாசில்லாமணியாரே, ஒரு சந்தேகம்.”

உனக்கும் எனக்கும் பேச்சில்லை என்று அவன் அரிவாளைத் தீட்டியிருக்கலாம். அவனோ, “கேளு” என்றான். கேடு அங்கே தொடங்கிற்று.

“உம்ம தம்பி கள்ளை ஜெயிச்சவன். நீர் எதை ஜெயிச்சீரு?”

“நான் அதைத் தொட்டதே இல்லையே.”

“அதைத்தானே வே நானும் சொல்லுதேன். சண்டைக்கே போகாதவனுக்கு வீரன்னு பேரு எப்படி?”

முள் சரியான இடத்தில் தைத்தது. “குடிக்கச் சொல்லுதியோ?” என்றான் அவன், கோபத்தோடு.

“நானா? குடிக்கவே கூடாது. ஒரே ஒரு கலயத்தைச் சுண்ணாம்பு இல்லாமக் கட்டும். விடிஞ்சதும் பாரும், கொட்டும். அதுதான் வே ஜெயம். மத்ததெல்லாம் சும்மா.”

சோதனைக்குள் எங்களை நடத்தாதேயும் என்று நாள்தோறும் வேண்டியவன், தானே நடந்து அதற்குள் போனான். ஒரு கலயத்தைச் சுண்ணாம்பின்றிக் கட்டினான். வெறும் கலயத்தைக் கண்டால் ஊர் கேட்குமே என்று அஞ்சி, அதன் வெளியே சிலுவையை மட்டும் இட்டான். மற்றவற்றை விடச் சற்றுப் பெரிதாகவே இட்டான்.

முதல்நாள் விடியலில் கலயத்துக்குள் பார்த்தான்; மணலில் கொட்டினான். அன்றைய ஜெபத்தில் அவன் குரல் எல்லாருக்கும் மேலே கேட்டது.

இரண்டாம்நாள் பார்த்தான், முகர்ந்தான், மணலில் கொட்டினான். அவனுக்கு முன்பே வாய்வைத்துவிட்டிருந்த மரநாய், ஏப்பம் விட்டுக்கொண்டே, “நீர் மனுசன் இல்ல வே, மலை” என்றது.

மூன்றாம்நாள் பார்த்தான், முகர்ந்தான், விரலை நனைத்து உதட்டருகே கொண்டுபோனான். உதட்டில் வைக்காமல் பனையில் துடைத்தான். ஆனால் கொட்டுவதற்குக் கை வரவில்லை.

“இப்பமே ஏன் கொட்டணும்?” என்றது மரநாய். “வெயில் ஏறட்டும். கஞ்சி குடிச்சுட்டு வந்து இன்னொரு தரம் ஜெயியும்.”

இதுவும் நியாயமாகவே அவனுக்குத் தோன்றியது. கலயத்தைப் பனையடியில் ஓலை நிழலில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

கேட்கிறவர்களே, இதுவரை அவன் ஒரு துளியும் பருகவில்லை. இதை மறவாதிருங்கள்.

அவன் கஞ்சிக்கு அமர்ந்து கை நனைப்பதற்குள் தேரியிலிருந்து கூக்குரல் எழுந்தது. ஊரே ஓடியது. அவனும் ஓடினான். அங்கே தன் பனையடியில் தன் தம்பி கிடப்பதைக் கண்டான். இடுப்புக்குக் கீழே உடல் முறுக்கிய துணிபோலத் திரும்பியிருந்தது. அருகே கலயம் காலியாய்க் கிடந்தது. கள் வாடை காற்றில் நின்றது.

கூட்டத்தில் ஒருவன், “நாய் வாலை நிமிர்த்த முடியுமா? மூணு பருவம் நடிச்சிருக்கான்” என்றான். சிலர் தலையசைத்தனர்.

ஞானப்பழம் அழவில்லை. கலயத்தை எடுத்து அதற்குள் கையை விட்டாள். வெளியே எடுத்தபோது விரல்கள் நனைந்திருந்தன. ஒரு விரலிலும் வெள்ளை இல்லை. கலயத்தைத் திருப்பினாள். வெளியே சிலுவை பெரிதாக இருந்தது. அவள் கணவனின் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் ஒரு சொட்டும் குடிக்கலையே” என்றான் மாசில்லாமணி.

அவனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் வாயே அவனைக் காட்டிக்கொடுத்தது. நடித்தான் என்று சொன்னவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

அப்போது அருமைநாயகம் கண் திறந்தான். அண்ணனைக் கண்டதும் அவன் முகத்தில் கோபம் வரவில்லை. அதுவே பார்த்தவர்களை நடுங்கச் செய்தது.

“அண்ணாச்சி, தாகத்துக்குத்தான் எடுத்தேன். முதல் மிடறுலயே என் நாக்கு சொல்லிச்சு, இது கள்ளுன்னு. ஆனா உங்க கலயமாச்சே. சிலுவை வேற இருக்கே. என் பாழாப்போன நாக்குதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சுக் குடிச்சேன்.” அவன் மூச்சு வாங்கினான். “குடிச்சு முடிச்சதும் எனக்குள்ள இருந்த பழைய ஆளு எந்திரிச்சுட்டான். உச்சியில இன்னும் இருக்குமோன்னு ஏறினேன், விழுந்துட்டேன்.”

இடி விழுந்த பனையைக் கண்டிருக்கிறீர்களா? அது சாய்வதில்லை. தலை கருகி, நின்ற இடத்திலேயே நிற்கும். மாசில்லாமணி அப்படி நின்றான்.

அருமைநாயகம் பிழைத்தான். ஆனால் அவன் கால்கள் பனையை மறுபடி தழுவவில்லை. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, மாசில்லாமணி ஜெபக்கூடத்தின் கடைசி வரிசையில் நின்று, தான் செய்தது அனைத்தையும் சபையார் முன் அறிக்கையிட்டான். அவர்கள் அவனை மன்னித்தார்கள். அன்றுமுதல் தம்பியின் பனைகளையும் அவனே ஏறினான்.

மரநாய் மீண்டும் வந்தது.

“மாசில்லாமணியாரே, ஒரு சந்தேகம்” என்றது முதல் மாலை. அவன் பேசவில்லை. சுண்ணாம்பைத் தொட்டுக் கலயத்துக்குள் தடவினான்.

“கோவமா வே?” என்றது இரண்டாம் மாலை. அவன் பேசவில்லை. அரிவாள் பட்டிருந்த விரலில் சுண்ணாம்பு தீயாய்க் காந்தியது. கையை எடுக்காமல் தடவினான்.

“ஒரு சொல்லு பேசும் வே. திட்டவாவது செய்யும்” என்றது மூன்றாம் மாலை. அவன் பேசவில்லை. கலயம் முழுதும் வெண்மையாகும்வரை தடவினான். பேச ஆள் இல்லாத உச்சியில் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. அது வேறு காட்டுக்கு இறங்கிச் சென்றது.

அதன்பின் அவ்விரு சகோதரரிடையே ஒரு வழக்கம் உண்டாயிற்று. பனையடியில் தம்பி அமர்ந்திருப்பான். அண்ணன் ஏறுமுன் ஒவ்வொரு கலயத்தையும் அவனிடம் நீட்டுவான். தம்பி உள்ளே கையை விட்டு, வெளியே எடுத்து, விரல் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பான். வெளுத்திருந்தால், அந்த விரலாலேயே அவன்தான் வெளியே சிலுவை இடுவான். மாசில்லாமணி தன் கையால் அதன்பின் ஒரு சிலுவையும் இடவில்லை.

சோதனையை அருகில் வைத்துக்கொண்டு தன் பலத்தை அளந்து பார்க்கிறவன், தான் விழாமல் நின்றாலும், தன்னை நம்பியவனை விழச்செய்வான்.