சென்னியப்பன் கார் பிடித்து வந்த கதை

மூலக்காட்டுப்புதூர்க்காரர்களுக்கு மாட்டைப் பற்றித் தெரியாதது ஒன்றும் கிடையாது. மற்றதைப் பற்றித் தெரிந்தது ஒன்றும் கிடையாது. ஆனாலும் யாருக்கும் ஒரு குறையும் இல்லாமல்தான் காலம் போய்க்கொண்டிருந்தது, சென்னியப்பனின் சகலை கார் வாங்குகிற வரைக்கும்.

சகலை பேர் ஆறுச்சாமி. மாமனார் ஊரான ஓடைப்பாளையத்துக் கோயில் நோம்பிக்கு அவர் பொண்டாட்டியோடு வழவழவென்று ஒரு காரில் வந்து இறங்கினார். சென்னியப்பனும் அவர் பொண்டாட்டி ரங்காத்தாளும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பஸ்ஸில் யாரோ கொண்டுவந்த சேவல் ஒன்று வழி நெடுக ரங்காத்தாளின் பட்டுச்சேலை மேல்தான் உட்கார்ந்து வந்தது. அவளுடைய அக்கா, ஆறுச்சாமி பொண்டாட்டி, அதைப் பார்த்தாள். தன் சேலை மடிப்பை ஒரு தரம் நீவி விட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

நோம்பி முடிந்தது. ரங்காத்தாள் கிளம்பவில்லை.

"நம்ம சொந்தக் கார் இந்த வாசல்ல வந்து நிக்கோணும். அன்னைக்குத்தான் நான் வருவேன். அதுவரைக்கும் நீங்களே சோறாக்கித் தின்னுக்குங்க, மாமா."

சென்னியப்பன் ஊருக்குப் போய்ச் சோறாக்கினார். தின்ன முடியவில்லை. மாட்டுக்கு வைத்தார். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு, தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தது. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் கார் வாங்குவது என்று முடிவு செய்தார்.

இப்படிப்பட்ட காரியத்துக்குத் தனியாகப் போக முடியுமா? இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டார். ஒருவர் நாச்சிமுத்து, மாட்டுத் தரகர். சந்தைக்குள் அவர் நுழைந்தால் மாடுகளே கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். இன்னொருவர் குட்டியப்பன். எல்லாவற்றுக்கும் சந்தேகம் கேட்பார். என்ன பதில் சொன்னாலும் ஒத்துக்கொள்வார்.

மூவரும் முதலில் மாட்டு டாக்டரிடம் யோசனை கேட்கப் போனார்கள். ஊருக்குள் காரில் வந்து போகிறவர் அவர் ஒருத்தர்தான். டாக்டர் அப்போது ஓர் எருமைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

"செடான் பாருங்க" என்றார் டாக்டர். "ரொம்பப் பெரிசும் வேண்டாம், சின்னதும் வேண்டாம், நடுத்தரமா இருக்கட்டும். உள்ளே சொகுசா இருக்கணும், ரோட்டுல நல்லாப் பாயவும் பாயணும். புதுசும் பாருங்க, ஒருத்தர் ஓட்டினதும் பாருங்க. மத்தபடி உங்களுக்கு நான் என்னத்தைச் சொல்றது? மாடு பிடிக்கற மாதிரியே பார்த்துப் பிடிங்க."

கடைசி வார்த்தையை டாக்டர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, எருமை உதைத்துக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து அன்றைக்கே சந்தையில் ஒரு புதுக் கயிறு வாங்கி, மஞ்சள் தடவி, தோளில் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கத்து வழக்கம் அது. மாட்டை விற்கிறவன் தன் கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொள்வான், வாங்குகிறவன் தன் கயிற்றைக் கட்டி ஓட்டிப் போவான். பழைய கயிற்றோடு கொடுத்தால் விற்றவன் வீட்டு லட்சுமி போய்விடும். பழைய கயிற்றோடு வாங்கினால் மாடு பழைய வாசலுக்கே திரும்பிப் போய்விடும்.

முதலில் புதுக் கார் விற்கிற கடைக்குப் போனார்கள். கண்ணாடிக் கட்டடம். உள்ளே மூன்று கார் நின்றது. நடுவில் நின்றதை நடுத்தரம் என்று எடுத்துக்கொண்டார்கள், அதில் விவாதமே வரவில்லை.

கழுத்தில் பட்டை கட்டிய விற்பனைக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். நாச்சிமுத்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார். முதுகைத் தடவினார். பின்னங்கால் பக்கம் குனிந்து பார்த்தார்.

"தம்பி, இதோட வாயைத் திறங்க."

விற்பனைக்காரர் பானெட்டைத் திறந்து காட்டினார். மூவரும் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள்.

"ஒரு பல்லைக்கூடக் காணமே?" என்றார் குட்டியப்பன்.

"இன்னும் பல்லுப் போடலை. இளங்கன்னு" என்றார் நாச்சிமுத்து.

குட்டியப்பன் ஒத்துக்கொண்டார்.

"உள்ளே ஏறுங்க சார், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துடலாம்" என்றார் விற்பனைக்காரர்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சென்னியப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"மேல ஏறி உக்கார்ந்துட்டா அதோட நடை எப்படித் தம்பி தெரியும்? நீங்க ஓட்டுங்க. நாங்க பின்னாடி வந்து பார்க்கறோம்."

விற்பனைக்காரர் எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்தவர். சரி என்று பைபாஸ் ரோட்டில் ஒரு மிதி மிதித்தார். மூவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். கார் ஒரு புள்ளியாகி, அந்தப் புள்ளியும் இல்லாமல் போயிற்று. அவர் திரும்பி வந்தபோது மூவரும் மைல் கல்லின் மேல் ஒருவரும் கீழே இருவருமாக உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"பார்த்தீங்களா சார்? மிதிச்ச நிமிஷத்துல பறக்கும்!" என்றார் விற்பனைக்காரர் பெருமையாக.

நாச்சிமுத்து எழுந்து அவர் தோளில் கை வைத்தார். பரிதாபமாகத்தான் சொன்னார்.

"இதை வெளியில யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க தம்பி. அப்பறம் விலை போகாது."

கொஞ்சம் தள்ளி வந்து ஆலோசனை நடந்தது.

"நல்ல நிறம்தான்" என்றார் சென்னியப்பன். ரங்காத்தாளுக்கு நீலம் பிடிக்கும்.

"நிறத்தை வெச்சு என்ன பண்ண? மிரளற சாதி. பழக்கப்படுத்தாதது. இதை உங்க மாமியார் ஊட்டுக்கு ஓட்டிட்டுப் போனா, அது பாட்டுக்கு ஓடைப்பாளையத்தைத் தாண்டிப் போய் நிக்கும். தேடிப் பிடிக்கறது யாரு?"

"கழுத்துல கட்டை கட்டி விட்டா?" என்றார் குட்டியப்பன்.

"கழுத்து எங்க இருக்குது?"

குட்டியப்பன் திரும்பிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

அடுத்தது, ஒருத்தர் ஓட்டினது. டவுன் ஓரத்தில், ஓடைப்பாளையம் போகிற ரோட்டின் மேலேயே சதாசிவம் என்று ஒரு நூல் வியாபாரி இருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டதால் காரை விற்கப்போவதாகக் கேள்வி. வெள்ளி நிறம், நடுத்தரம், உள்ளே மெத்தை மாதிரி சீட்டு.

"எதுக்குங்க விக்கறீங்க? முட்டுமா?" என்று ஆரம்பித்தார் நாச்சிமுத்து.

சதாசிவம் தலையைக் குனிந்துகொண்டார். "மறைக்கக் கூடாது. ஒரே ஒரு தடவை எங்க கேட்டுல முட்டிடுச்சுங்க. அந்தக் கீறல் பாருங்க."

"ஒதைக்குமா?"

"குளிர் காலத்துல, காலையில எடுத்ததும் ரெண்டு ஒதறு ஒதறும். அப்பறம் சரியாயிடும்."

"எங்க வெள்ளைக் காளையும் அப்படித்தான்" என்றார் சென்னியப்பன் ஆசையாக.

"தீனி எப்படிங்க?"

"டவுனுக்குள்ள ஓட்டினாக் கொஞ்சம் அதிகமாக் குடிக்கும்."

"குடிக்கட்டுமுங்க. குடிக்காததுதான் சீக்கு."

நடை பார்க்க வேண்டும் என்றார்கள். சதாசிவத்துக்குக் கண் பார்வை கொஞ்சம் மட்டு. தெருவில் போகிற கோழியெல்லாம் ஒதுங்கி முடிக்கட்டும் என்று காத்திருந்து காத்திருந்து ஓட்டினார். மூவரும் பின்னாலேயே நிம்மதியாக நடந்தார்கள். குட்டியப்பன் நடுவில் நின்று வெற்றிலை வாங்கிக்கொண்டுகூட வந்து சேர்ந்துகொண்டார்.

"இது வேகமாப் போற கார்தானுங்க" என்றார் சதாசிவம் இறங்கி, மன்னிப்புக் கேட்பது போல. "நான்தான் போறதில்லை."

"அடக்கம்!" என்றார் நாச்சிமுத்து. "தெரிஞ்சும் போகாம இருக்குது பாரு!"

அப்புறம் துண்டை எடுத்துச் சதாசிவத்தின் கைமேல் போட்டு, அதற்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசினார். சதாசிவத்துக்கு அந்தப் பேரமும் தெரியாது, விரல் கூச்சமும் ஜாஸ்தி. "ஐயோ, சரி, சரி, விடுங்க!" என்று சிரித்து நெளிந்தார். மூன்று தடவை சரி சொல்லிவிட்டாரே, இதைவிட என்ன வேண்டும்? கடைசியில் அவர் வாயால் சொன்ன விலையையே கொடுத்தார்கள். ஆனால் துண்டுக்குள்ளே வைத்துத்தான் கொடுத்தார்கள்.

சதாசிவம் காரின் கழுத்தைத் தடவுவது போல ஒரு தடவு தடவிவிட்டு, சாவியை நீட்டினார்.

மூவரும் இரண்டு அடி பின்னால் போனார்கள்.

"என்னங்க இது?" என்றார் சென்னியப்பன். "இதை வெச்சுத்தானே இத்தனை வருஷமா அதைக் கூட்டிட்டுத் திரிஞ்சீங்க?"

"ஆமாங்க. இதுதான் எல்லாம்."

"அப்ப நீங்களே வெச்சுக்குங்க. உங்க ஊட்டு லட்சுமி. எங்க கயிறு எங்ககிட்ட இருக்குது."

சதாசிவத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோது காபி கொடுப்பது அவர் பழக்கம். சாவியோடு காபி சொல்ல உள்ளே போனார்.

இவர்கள் வண்டிக்கு முன்னால் குனிந்தார்கள். கீழே ஒரு இரும்பு வளையம் இருந்தது.

"பார்த்தியா, கட்டறதுக்குன்னே வளையம் வெச்சிருக்கறான்" என்றார் நாச்சிமுத்து.

கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். சதாசிவம் சமதரையில் கியரும் போடாமல், பிரேக்கும் போடாமல் விட்டிருந்தார். கார் நல்ல பிள்ளையாகப் பின்னால் வந்தது. நல்லவேளை, அங்கேயிருந்து ஓடைப்பாளையம் வரைக்கும் கோடு போட்ட மாதிரி ஒரே நேர் ரோடு. சென்னியப்பனும் நாச்சிமுத்தும் முன்னால் இழுக்க, குட்டியப்பன் பின்னால் "த்தா, த்தா" என்று தட்டிக்கொண்டே வந்தார்.

காபியோடு வெளியே வந்த சதாசிவம் வாசலைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மொபெட்டை எடுத்தார்.

"நில்லுங்க! சாவி! சாவியை வாங்கிக்குங்க!"

நாச்சிமுத்து திரும்பியே பார்க்கவில்லை. "மனசு மாறிட்டாரு. சந்தையில பார்த்ததில்லையா நீ? வித்துப்போட்டு அழுதுக்கிட்டே பின்னால வருவாங்க. திரும்பாதே. நீ திரும்பினா அதுவும் திரும்பும்!"

இழுத்துக்கொண்டு ஓடினார்கள். ஓடைப்பாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இறக்கம் இருக்கிறது. அங்கே கார் தானாக ஓட ஆரம்பித்தது. நாச்சிமுத்து ஒரு பக்கம் விழுந்தார். கார் சென்னியப்பனைத் தாண்டிப் போயிற்று. இவ்வளவு நேரம் அவர் அதை இழுத்தார், இப்போது அது அவரை இழுத்தது.

"கயித்தை விட்டுப்போடாதே!" என்று பின்னாலிருந்து கத்தினார் நாச்சிமுத்து.

விடுவாரா? அந்தக் கயிற்றின் மறு முனையில் இருப்பது ரங்காத்தாள் கைச் சோறு. செருப்பு ஒன்று போயிற்று, துண்டு போயிற்று, பிடி மட்டும் போகவில்லை. இறக்கம் முடிகிற இடத்தில்தான் மாமியார் வீடு. வீட்டு வாசலில் வைக்கோல் போர். கார் நேரே போய்ப் போருக்குள் மூக்கைச் சொருகிக்கொண்டு நின்றது.

வீடே வெளியே ஓடி வந்தது. மாமியார் கன்னத்தில் கை வைத்தார்.

"பசியோட வந்திருக்குது போல, பாவம்."

நோம்பிக்கு வந்த ஆறுச்சாமி மறு விருந்துக்காக இன்னும் அங்கேதான் இருந்தார். தன் காரின் மேல் சாய்ந்தபடி சிரித்தார்.

"என்ன சகலை, கார் வாங்கினீங்களா, கன்னுக்குட்டி பிடிச்சீங்களா?"

ரங்காத்தாளின் முகம் சுண்டிப் போயிற்று. அக்கா சேலை மடிப்பை நீவக் கையை எடுத்தாள். அந்த நேரம் பார்த்துச் சதாசிவம் மொபெட்டில் வந்து சேர்ந்தார்.

"ஏனுங்க, சாவியைக் குடுக்கத்தானுங்க இவ்வளவு தூரம் வந்தேன். இது இல்லாம எப்படிங்க?"

சென்னியப்பன் மேலிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"பெரியவரே, உங்களுக்கு நல்ல மனசு. ஆனா, வித்தவன் கயித்தோட எவனாச்சும் ஓட்டிட்டு வருவானா?"

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. ஓடைப்பாளையமும் மாட்டு ஊர்தான். மாமியார் மெதுவாகத் திரும்பி மூத்த மருமகனின் இடுப்பைப் பார்த்தார். அரைஞாண் கயிற்றில் கார் சாவி பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

"மாப்ளே," என்றார் குரலைத் தாழ்த்தி. "வித்தவன் கயித்தையா இடுப்புல கட்டிட்டுத் திரியறீங்க?"

ஆறுச்சாமியின் சிரிப்பு நின்றது.

"அதானுங்கம்மா!" என்று அலறினாள் அக்கா. "போன வாரம் டவுன் ரோட்டுல நின்னுக்கிட்டு நகரவே மாட்டீன்னுது! பழைய வாசல் நெனப்பு! நாலு பேரு தள்ளினோம்!"

"பெட்ரோல் போட்டீங்களா?" என்று கேட்டார் சதாசிவம். யாரும் காதில் வாங்கவில்லை.

ஆறுச்சாமி சட்டென்று திரும்பினார். கார்க் கதவைத் திறந்து, பிரேக்கை விட்டுவிட்டு, சாவியை அவிழ்த்துச் சதாசிவத்தின் கையில் திணித்தார்.

"விக்கறவருதானுங்களே நீங்க? இதையும் நீங்களே வெச்சுக்குங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மாமியார் பரணிலிருந்து இன்னொரு புதுக் கயிறு எடுத்து, மஞ்சள் தடவிக் கொடுத்தார். ஊர் கூடி இரண்டு காரையும் தூக்கித் திருப்பி ரோட்டில் வைத்தது. ரங்காத்தாள் சேலையை ஒதுக்கிக்கொண்டு, அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெள்ளிக் காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அக்கா தன் காரில் உட்கார்ந்தாள். சென்னியப்பன் ஒரு கயிற்றைப் பிடித்தார், ஆறுச்சாமி ஒரு கயிற்றைப் பிடித்தார்.

சதாசிவம் இரண்டு சாவியோடு ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். அவரைத் தாண்டும்போது சென்னியப்பன் எட்டி இழுத்துச் சகலையை முந்தினார். நாச்சிமுத்து பின்னால் நடந்தபடி, நடை இப்போதுதான் சுத்தமாக இருக்கிறது என்றார். குட்டியப்பன் ஒத்துக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போனதும், திறந்திருந்த கார்க் கண்ணாடி வழியாக ரங்காத்தாள் தலையை வெளியே நீட்டினாள்.

"மாமா, சித்தே மெதுவா இழுங்க. காத்து மூஞ்சியில அடிக்குது."